தெற்கு எப்போது கட்சி மாறியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தென்மாநிலங்கள் என்றைக்கும் குடியரசுக் கட்சியின் கோட்டை என்பதுபோல எழுதப்படுவது வருத்தமளிக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் பல தலைமுறைகளாக அங்கே வெள்ளையர் ஓட்டு ஜனநாயகக் கட்சிக்குத்தான். அடிமை முறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சியை அவர்கள் அண்டவிடவில்லை.

1964-இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை செனட்டில் எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர், அந்த நவம்பரில் அதிபர் தேர்தலில் ஜான்சனிடம் படுதோல்வி அடைந்தார். சொந்த அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும் தென்மாநிலங்களே. மிசிசிப்பியில் 87 சதவீத ஓட்டு! அங்கே கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார்.

தெற்கு குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்ததற்கு மதம், வரி, புறநகர் வளர்ச்சி என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இனத்தை விட்டுவிட்டு இந்த மாற்றத்தை விளக்குவது அங்குள்ள கறுப்பின மக்களுக்குச் செய்யும் அநீதி. மாநில அளவில் மாற்றம் மெதுவாகவே இறங்கியது. தென்மாநிலமான அலபாமாவின் சட்டமன்றம் 2010 தேர்தலில்தான் குடியரசுக் கட்சியின் கைக்கு மாறியது. அமெரிக்கத் தேர்தல் பற்றி எழுதும்போது இந்தப் பின்னணிக்கும் இடம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி