கொம்பை முன்னால் தட்டாதீர்கள்: செட்டிநாட்டு அச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் வட்டாரத்து அச்சக உரிமையாளர்களுக்கும், கணினி முன் உட்கார்ந்து அழைப்பிதழும் பலகையும் வடிவமைக்கும் தம்பி தங்கையருக்கும், கோயில் ரசீதுக்கும் சங்க உறுப்பினர் பட்டியலுக்கும் மென்பொருள் எழுதித் தருபவர்களுக்கும் வணக்கம்.

திருமணப் பத்திரிகை, மணிவிழா மலர், கும்பாபிஷேக அழைப்பு என்று நீங்கள் அனுப்பும் புரூப்களைத் திருத்துவது என் தொழில். தாளில் ஒரு குறையும் தெரியாமல், கோப்புக்குள் தமிழ் உடைந்து கிடப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

நடப்பது இதுதான். வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய வாசகத்தை எடுத்து வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுகிறீர்கள். கைபேசியில் ஒழுங்காக இருந்த ‘தேவகோட்டை’ இங்கே குலைந்துபோகிறது. ‘தே’யின் இரட்டைக் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் விழுந்து, அடுத்து நிற்கும் ‘வ’வின் கொம்பாகத் தெரிகிறது. ஊர்ப் பெயரைத் ‘தவே’ என்று தொடங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. முகூர்த்த நாள் நெருங்குகிறது, வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். உடனே கொம்பை அழித்து ‘த’வுக்கு முன்னால் தட்டிவிடுகிறீர்கள். காலுக்குப் பதிலாக ‘ர’வைப் போடுகிறவர்களும் உண்டு. கண்ணுக்குச் சரியாகிவிடுகிறது, அச்சும் ஏறிவிடுகிறது.

இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ‘கொ’ வேண்டுமென்றால் கம்போசிட்டர் முதலில் கொம்பை எடுத்து வைத்தார், பிறகு ‘க’, பிறகு கால். தட்டச்சுப் பொறியிலும் கொம்புதான் முதலில். அந்த வழக்கத்தைப் பாமினி போன்ற எழுத்துருக்கள் கணினிக்கும் கொண்டுவந்தன. அங்கே அது தவறே இல்லை, ஏனென்றால் தாளில் விழும் உருவத்தைத் தவிர அந்த முறைக்கு வேறு பொருள் கிடையாது.

இன்று கைபேசியும் கணினியும் எழுத்தைச் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறிமுறையான யூனிகோடு அப்படி வேலை செய்வதில்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அதில் தமிழ் இருக்கிறது. அதில் சேமிக்கப்படுவது நாம் ஒலிக்கும் வரிசை: முதலில் மெய்யெழுத்துக்கான குறி, அதற்குப் பின் உயிர்க்குறி. கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற செய்தி கோப்பில் இல்லை. அதை முடிவு செய்ய இடையில் ஒரு மென்பொருள் இருக்கிறது. ஷேப்பர் என்பார்கள். அது இல்லாத இடத்தில், அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தில், குறிகள் வந்த வரிசையிலேயே வரைந்து தள்ளப்படுகின்றன. நீங்கள் பார்க்கும் சிதைவு அதுதான். எழுத்துருவிலும் குற்றமில்லை, வாடிக்கையாளர் அனுப்பிய வாசகத்திலும் குற்றமில்லை.

ஷேப்பர் செய்யும் வேலையைக் கோட்டையூரை வைத்தே காட்டுகிறேன். கோப்பில் அந்தப் பெயருக்குப் பத்துக் குறிகள் இருக்கும்: க, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி, ய, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஷேப்பர் இதை அசை அசையாக வெட்டிக்கொள்கிறது. ஓகாரக் குறியை இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிளந்து, ஒன்றை ‘க’வுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நிறுத்துகிறது. ‘ய’வையும் ஊகாரத்தையும் எழுத்துருவின் பட்டியலில் தேடி, ‘யூ’ என்ற ஒரே வரிவடிவமாக மாற்றுகிறது. புள்ளி வைத்த மெய்களையும் பல எழுத்துருக்கள் இப்படி ஒரே வடிவமாகவே வைத்திருக்கின்றன. அத்தகைய எழுத்துருவில் உள்ளே போன பத்துக் குறிகள் எட்டு வரிவடிவங்களாக வெளியே வரும்.

இந்தப் பெயரில் ‘ட்டை’ என்ற இடம் நின்று பார்க்கத் தக்கது. இந்தியில் மெய்கள் கூட்டாக வரும்போது இடப்பக்க இகரக் குறி பெரும்பாலும் கூட்டு முழுவதற்கும் முன்னால் போய் நிற்கும். தமிழில் அப்படிச் செய்தால் இணைக்கொம்பு ‘ட்’டுக்கு முன்னால் போய்விடும், சொல் கெட்டுவிடும். நம் வழக்கில் புள்ளி வைத்த மெய் தனியாக நிற்கிறது, கொம்பு அதைத் தாண்டாது. ‘க்ஷ’ மட்டும் இதற்கு விலக்கு. அது ஒரே வடிவமாக இணைந்துவிடுவதால், ‘க்ஷேத்திரம்’ என்று எழுதும்போது கொம்பு முழு ‘க்ஷ’வுக்கும் முன்னால் நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டை யாரோ உட்கார்ந்து யோசித்து நிரலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானியர் வளர்த்தெடுத்த ஹார்ஃப்பஸ் என்ற ஷேப்பரில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் என்றே இப்படி ஒரு பகுதி இருக்கிறது. எங்கோ இருக்கும் ஒருவர் நம் ‘ட்டை’க்காக அத்தனை கவனம் எடுத்திருக்கும்போது, தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊரில் நாம் அதை அணைத்து வைத்துவிட்டுக் கொம்பைக் கையால் நகர்த்துவது எனக்கு மிகவும் வலிக்கிறது.

வடிவங்கள் முடிவான பிறகு இடம் குறிப்பது நடக்கிறது. எழுத்துருவில் எழுத்துகள் வரையப்படும் கற்பனைச் சதுரத்தின் பக்கத்தை 1000 அல்லது 2048 அலகுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வடிவமும் எந்த இடத்தில் விழ வேண்டும், அடுத்தது எத்தனை அலகு தள்ளித் தொடங்க வேண்டும் என்ற கணக்கையும் ஷேப்பரே தருகிறது. புள்ளி தனி வடிவமாக இருக்கும் எழுத்துருவில், அகலமான ‘ண’வின் மேல் அது எங்கே, குறுகலான ‘ர’வின் மேல் எங்கே என்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

தாளில் சரியாக வந்தால் போதாதா என்று கேட்பீர்கள். தாளோடு நின்றிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அந்தக் கோப்பு பிடிஎஃப் ஆகிறது, ஊர் ஊராகப் போகிறது, நாளைக்கு யாரோ அதற்குள் தேடுகிறார். நகரத்தார் குடும்பங்கள் ‘புள்ளி’ என்று சொல்லும் தங்கள் குடும்பக் கணக்கையும் வம்சாவளியையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும் காலம் இது. கொம்பை முன்னால் தட்டிய ‘தேவகோட்டை’ தேடலில் அகப்படாது. ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் தட்டினால், பெரும்பாலான எழுத்துருக்களில் அச்சு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் அந்தப் பெண்ணை ‘கெ-ள-ரி’ என்று கூப்பிடும், அகரவரிசையிலும் அவள் பெயர் வேறு இடத்துக்குப் போய்விடும். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் துண்டு அச்சுகளும் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. உங்கள் பத்திரிகைகளும் நாளைக்கு அப்படி ஒரு சேகரிப்புக்குப் போகும். தேட முடிகிறவையாகப் போகட்டும்.

ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறி கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று உங்களில் மூத்தவர்கள் சொல்வதுண்டு. டேஸ் 16 என்ற அந்த முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடுக்குத் துணையாக ஏற்றது. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கையில் இருக்கும் கைபேசி பேசுவது யூனிகோடுதான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. அடோபி இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இதற்கு ஒத்த அமைப்பு உண்டு. அந்த வசதியே இல்லாத பழைய பதிப்பு என்றால், அதைத் தமிழ் வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். லிப்ரே ஆஃபிஸ் இலவசம், ஹார்ஃப்பஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. ரசீது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல்: பைத்தான் நிரல்மொழியில் பில்லோ என்ற படம் வரையும் நிரல்தொகுப்பைக் கொண்டு எழுத்து வரைகிறீர்கள் என்றால், ஷேப்பரை அதனோடு இணைக்கும் ராக்ம் என்ற நிரல்தொகுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொம்பு இடம் மாறத்தான் செய்யும்.

பழைய வீடுகளின் முகப்பில் இருக்கும் கொம்பு சுழித்த ‘லை’யும் ‘ணை’யும் பத்திரிகையில் வேண்டும் என்று சில குடும்பங்கள் கேட்கின்றன. நல்ல ஆசை. அதற்காகப் படம் வரைந்து ஒட்டாதீர்கள். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களைத் தரும் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கோப்பில் அதே குறிகள் இருக்க, ஷேப்பர் பழைய உருவத்தை எடுத்துத் தரும்.

இயந்திரத்துக்கு அனுப்புமுன் ஒரு வரி ஓட்டிப் பாருங்கள்: கோட்டையூர், நெற்குப்பை, தேவகோட்டை, க்ஷேத்திரம், ஸ்ரீ, கௌரி. ஆறும் ஒழுங்காக வந்தால் ஷேப்பர் வேலை செய்கிறது. பிறகு பிடிஎஃபைத் திறந்து ‘தேவகோட்டை’ என்று தேடுங்கள். அகப்படவில்லையென்றால் கோப்பை என்னிடம் அனுப்புங்கள், எங்கே அறுந்தது என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு பிழைதிருத்துநர்