அடிவாரம்தான் பூஜ்யம்: எங்கள் வகுப்பறைக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சேலம் பக்கத்துச் சேர்வராயன் மலையில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வகுப்பும் ஒரே அறையில்தான். போன ஜூனில் பள்ளி திறந்தபோது அலமாரியில் சில பழைய சார்ட்டுகளும் ஒரு மணிச்சட்டமும் இருந்தன. இப்போது ஏப்ரல். அலமாரி போதாமல் ஜன்னல் திட்டு வரைக்கும் பொருட்கள் நிற்கின்றன. எல்லாம் நீங்கள் கொடுத்தவை.

கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு அதற்கப்புறம் அந்தப் பொருள் என்ன ஆனது என்று தெரியாது. எந்தப் பிள்ளையின் கைக்குப் போனது, எதைப் புரியவைத்தது, இருக்கிறதா உடைந்ததா என்று யாரும் வந்து சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். "பேரெல்லாம் போடாதீங்க டீச்சர்" என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் நான் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அம்மாபேட்டை அக்கா. தறியில் மிஞ்சிய கலர் நூலை ஒரு பை நிறையக் கொடுத்தீர்கள். "இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டீர்கள். அப்போது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அடிவாரத்துத் தோப்புக்கார அண்ணன் ஒரு சாக்கு தென்னை ஈர்க்குச்சி அனுப்பியிருந்தார். அதை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, பத்துப் பத்தாக எண்ணி, உங்கள் பச்சை நூலால் பிள்ளைகளே கட்டினார்கள். பத்துப் பச்சைக் கட்டைச் சேர்த்து ஒரு சிவப்பு நூலால் கட்டினால் நூறு. கட்டி முடிக்கவே மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பாடம்தான். பத்து வரை எண்ணுவதைப் பிள்ளைகள் அத்தனை முறை சலிக்காமல் செய்து நான் பார்த்ததில்லை.

நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் தொண்ணூற்று ஒன்று எழுதச் சொன்னேன். சிலேட்டில் 901 என்று எழுதினாள். இது அவள் தப்பில்லை. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரைக்கும் தமிழ் ஒரே மாதிரி வருகிறது. தொண்ணூறில் மட்டும் நூறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதில் நூறு விழுந்தால் கை நூறைத்தான் எழுதும். முந்தைய வருடங்களில் நான் இதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருத்தியிருக்கிறேன். இந்த முறை திருத்தவில்லை. "எழுதினதைக் கட்டுல எடுத்து வை" என்று மட்டும் சொன்னேன்.

தரையில் ஒன்பது பச்சைக் கட்டு வைத்தாள், பக்கத்தில் ஒரு தனிக் குச்சி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல சிவப்புக் கட்டே இல்லையே டீச்சர்" என்றாள். எச்சில் தொட்ட கட்டை விரலால் நடுவில் இருந்த பூஜ்யத்தை அழித்தாள். அதோடு விடவில்லை. இன்னும் ஒரு பச்சைக் கட்டை எடுத்துச் சேர்த்து, சிவப்பு நூலைத் தேடி எடுத்துச் சுற்றி, "இப்பத்தான் நூறு" என்று என்னிடம் நீட்டினாள். அக்கா, அந்தச் சிவப்பு நூல் உங்கள் வீட்டுத் தறிப் பாவில் மிஞ்சியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடன் வாங்கிக் கழிப்பதற்கும் அதே கட்டுகள்தான். 42இல் 17 போக வேண்டுமென்றால் ஒரு பச்சைக் கட்டை அவிழ்க்கிறார்கள். "கடன் வாங்கு" என்று நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். "கட்டை அவிழு" என்றாலே போதும்.

நீங்கள் கூடவே போட்டுவிட்ட காலி நூல் கோன்களை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கோபுரமாக அடுக்குகிறார்கள். விழுந்தால் சத்தம் வராது, உடையாது. அதைவிட வேறென்ன வேண்டும்.

அடுத்தது லீ பஜார் தானியக் கடைப் பெரியவர். உங்கள் அப்பா காலத்து ஆழாக்கு, உழக்கு, உரி, படி நான்கையும் துடைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தீர்கள். வாங்கும்போது எனக்குக் கை கூசியது. காட்சிப் பொருளாக வைத்துவிடாதீர்கள் என்று நீங்கள் சொன்னதை அப்படியே கேட்டேன். வாசலில் மணலைக் கொட்டி, நான்கையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று நான் சொல்லித்தரவே இல்லை. கொட்டிக் கொட்டி அவர்களே கண்டுபிடித்தார்கள். படிக்கு எத்தனை ஆழாக்கு என்று கேட்டேன். ஒரு பையன் ஏழு என்றான், ஒருத்தி எட்டு என்றாள், சண்டை வந்துவிட்டது. பேத்தியை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "கோபுரமா அளந்தா ஏழு வரும், தலை தட்டி அளந்தா எட்டு" என்று சொல்லி, உள்ளங்கையால் மணலை வழித்துக் காட்டினார். அப்புறம் அவர் எண்ணிய விதம்: "லாபம், ரெண்டு, மூணு..." தானியம் அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வார்கள். அது பிள்ளைகளுக்கு அப்படிப் பிடித்துப்போனது. இப்போதும் ஒன்றாம் வகுப்பில் ஒருத்தன் சத்துணவு முட்டையைக்கூட லாபத்தில் ஆரம்பித்துத்தான் எண்ணுகிறான். பாட்டிக்கும் நன்றி. நீங்கள் அந்த நாள் ஒரு மணி நேரம் எங்களுக்கு ஆசிரியராக இருந்தீர்கள்.

காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ஐயாவுக்கு. டிசம்பரில் காபி பறிப்பு மும்முரமாக இருக்கும் நேரம். எங்கள் பிள்ளைகளின் அம்மா அப்பா எல்லோரும் தோட்டத்தில்தான் இருப்பார்கள். சில பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள், வருகைப் பதிவேடு பாதிதான் நிரம்பும். அந்த வாரத்தில் நீங்கள் ஒரு கூடை காபிப் பழம் கொடுத்தனுப்பினீர்கள். தோட்டம் வகுப்புக்கு வந்துவிட்டதால் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இரண்டாம் வாய்ப்பாட்டை அன்று ஆரம்பித்தோம். பழத்தை இரண்டு விரலால் நசுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டை வெளியே வரும். ஒரு பழம் இரண்டு, இரண்டு பழம் நாலு, மூன்று பழம் ஆறு. இருபது பழத்தை உடைத்து எண்ணியபோது 39தான் வந்தது. யார் கையில் ஒளித்திருக்கிறது என்று தேடினோம், பாயைத் தூக்கி உதறினோம். கடைசியில் ஒரு பையன் ஒரு கொட்டையைத் தனியாக எடுத்துக் காட்டினான். "இது உருண்டையா இருக்கு டீச்சர், இதுக்குத் தட்டைப் பக்கமே இல்ல." இரட்டைக் கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டி இருப்பதால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒரு கொட்டை மட்டும் வளர்ந்தால் அது உருண்டையாகிவிடும். தோட்டத்தில் அதைப் பீபெரி என்று தனியாகப் பிரித்து, தனியாக விற்பார்கள் என்று நீங்கள் மறுநாள் போனில் சொன்னதை அப்படியே வகுப்பில் சொன்னேன். ஒரு கணக்கு ஏன் தப்பாக வந்தது என்று பிள்ளைகள் தாங்களாகவே துப்புத் துலக்கிய நாள் அது.

அதே காபிக் கொட்டையால் ஒரு பயமும் வந்தது. காய்ந்த கொட்டை ஒன்றை ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூக்கில் போட்டுக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்கா, நீங்கள் போனிலேயே "தோண்டாதீங்க, தண்ணி விடாதீங்க, ஊறிப் பெருசாயிடும், அப்படியே தூக்கிட்டு வாங்க" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குச் சின்னக் கொட்டை, மணி எதுவும் கிடையாது. கோன், கட்டை, பெரிய மூடி மட்டும்தான். ஒரு பெற்றோர் ஆசையாகப் பொறுக்கிக் கொடுத்த குன்றிமணியை நான் திருப்பிக் கொடுத்தது இதனால்தான். அது நஞ்சு. அவர் வருத்தப்பட வேண்டாம், அவர் கொடுத்த புளியங்கொட்டை மூன்றாம் வகுப்பில் பல்லாங்குழிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை பைண்டிங் கடை அண்ணனுக்கு ஒரு கதை பாக்கி இருக்கிறது. தடவிப் படிக்கிற எழுத்து செய்ய வேண்டும் என்று முதலில் நான் ஜவ்வரிசியைத்தான் எடுத்தேன். சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியை விட்டால் வேறென்ன தோன்றும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜவ்வரிசி ஆயிற்றே. சேகோ ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோர் குருணை கொடுத்தார், காலை உணவு சமைக்கும் அக்கா மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். ல, ள, ழ மூன்றும் அட்டையில் அழகாக நின்றன. இரண்டு வாரம்தான். மலைப் பனிக்கு ஜவ்வரிசி ஊறிப்போய்ப் பூஞ்சை பிடித்தது, மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது. அந்த அட்டையோடு உங்கள் கடைக்கு வந்தேன். "நாங்க பசையில மயில் துத்தம் போடுவோம், பூச்சி வராது. ஆனா பிள்ளைங்க கை வாய்க்குப் போகும், உங்களுக்கு அது ஆகாதும்மா" என்றீர்கள். அப்புறம் நீங்களே உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, கெட்டி பைண்டிங் அட்டையில் ஒட்டி, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை.

அந்த உப்புத்தாள் எழுத்தைப் பார்த்ததும் அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற டீச்சரம்மா சந்தோஷப்பட்டார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி இதைத்தானே செய்தார் என்றார். டீச்சரம்மா, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த 2007இல் நீங்கள் உங்கள் கையால் எழுதி வைத்திருந்த அட்டைப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நடக்கும் இன்றைய வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்க அந்த அட்டைகள்தான் எனக்கு இப்போதும் கை கொடுக்கின்றன. அதைவிடப் பெரிய உதவி நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை. "புதுப் பொருளைக் கொடுத்தா முதல் நாள் பாடம் நடத்தாதே, விளையாட விடு." அதைக் கேட்காமல் நான் வீணாக்கிய பொருள்கள் எத்தனையோ. கேட்க ஆரம்பித்த பிறகு இரண்டாம் நாள் பிள்ளைகள் நான் சொல்வதைக் கேட்கிறார்கள்.

சாக்கு மூட்டைகளை எல்லாம் சேலத்திலிருந்து மேலே ஏற்றி வந்த பஸ் டிரைவர், கண்டக்டர் அண்ணன்களுக்கு நன்றி. "பள்ளிக்கூடத்துச் சாமானா, பின்னாடி வைங்க" என்பதோடு முடிந்துவிடும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பாதையையே எங்கள் பள்ளி முற்றத்தில் கொண்டுவந்துவிட்டோம்.

ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பிள்ளைகள் சேலம் போய்வரும்போது ஜன்னலில் தொங்கிக்கொண்டு எண்ணுவது அதைத்தான். எண்களை வரிசையாகக் குறிக்கும் எண்கோடு சொல்லித்தர இதைவிட நல்ல கோடு எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. சாக்பீஸால் வரைந்தேன், மழை அழித்தது. மறுபடி வரைந்தேன், மறுபடி அழிந்தது. போர்டு எழுதும் அண்ணன், நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் குந்தி உட்கார்ந்து, எனாமல் பெயின்டில் இருபது வளைவையும் போட்டு, ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கொடுத்தீர்கள். மேலே ஒரு ஏரியும் போட்டீர்கள், நான் கேட்கவே இல்லை. தச்சர் அண்ணன் சில்வர் ஓக் துண்டில் ஒரு பஸ் செதுக்கி, ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார்.

விளையாட்டு இதுதான். ஒரு பகடை மேலே ஏற, ஒரு பகடை கீழே இறங்க. மூன்றாவது வளைவில் நிற்கும் பஸ் நாலு ஏறினால் ஏழு. பதினொன்றில் நிற்கும் பஸ் ஐந்து இறங்கினால் ஆறு. முதல் நாள், "பஸ் எங்கிருந்து கிளம்புது, அதுக்கு என்ன நம்பர்?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அப்புறம் ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி, "அடிவாரம் டீச்சர். அங்க வளைவே இல்ல. பூஜ்யம்" என்றாள். ஒன்றுமில்லாததற்கு ஒரு எண் இருக்கிறது என்று சொல்லித்தர நான் வருடா வருடம் படும் பாட்டை அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள்.

போன வாரம் நடந்தது இன்னும் பெரிது. மூன்றாவது வளைவில் பஸ். பையன் போட்ட இறங்கும் பகடையில் ஐந்து விழுந்தது. மூன்று இறங்கி அடிவாரத்துக்கு வந்துவிட்டான். இன்னும் இரண்டு பாக்கி. "இதுக்குக் கீழ எங்க டீச்சர் போறது?" என்று பஸ்ஸோடு நிமிர்ந்து பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "கோரிமேட்டுக்குப் போடா!"

அடிவாரத்தைத் தாண்டிச் சேலம் போகும் வழியில் வருவது கோரிமேடு. பஸ்ஸைக் கோட்டுக்கு வெளியே, வெறும் சிமென்ட் தரையில் இரண்டு சாண் தள்ளி நிறுத்தினான். ஆறாம் வகுப்பில் முழுக்கள் என்ற பாடத்தில் படிக்க வேண்டிய குறை எண் அது, மைனஸ் இரண்டு. இரண்டாம் வகுப்புப் பையன் அதை மரப் பஸ்ஸில் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

போர்டு அண்ணன், உங்களிடம் இன்னும் ஒரு வேலை கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோட்டை அடிவாரத்துக்குக் கீழே ஐந்து கட்டம் நீட்டிக் கொடுங்கள். கோரிமேடு, அஸ்தம்பட்டி வரைக்கும் போதும். பெயின்ட் நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். மற்றவர்களும் ஒரு வேலை நாளில் வாருங்கள். காலை உணவு முடிந்து ஒன்பதரைக்கு முற்றத்தில் பஸ் கிளம்பும்.

அன்புடன்,
ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு ஆசிரியை,
சேர்வராயன் மலை