'பயங்கரம்' என்ற ஒரு சொல்லின் தலையில் இத்தனை சுமையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரத் தங்கள் இதழின் ஒரே பக்கத்தில் 'பயங்கரம்' நான்கு இடங்களில் வந்திருந்தது. கிடங்கில் பயங்கரத் தீ. லாரிகள் பயங்கர மோதல். கடலில் பயங்கர அலை. கடைசியாக, ஒரு கால்பந்து அணியின் ஆட்டமும் பயங்கரம். பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் நான். என் மாணவர்கள் வீட்டில் நாள்தோறும் படிக்கும் தமிழ், பெரும்பாலும் தங்கள் இதழின் தமிழ்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயங்கரம் என்றால் பயத்தை உண்டாக்குவது. பார்த்தவரின் நெஞ்சு நடுங்கியதை அது சொல்கிறது. தீ எப்படி எரிந்தது, அலை எதைப் புரட்டிப் போட்டது என்பதைச் சொல்வதில்லை. 'பயங்கரத் தீ' என்று படிக்கிறேன். யாரோ பயந்தார்கள் என்று மட்டும் தெரிகிறது. தீ அடுத்த கட்டடத்துக்குத் தாவியதா, இரும்புத் தூண்கள் வளைந்தனவா, அணைக்க எத்தனை மணி நேரம் ஆயிற்று? தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டதும் இவையெல்லாம் சொல்லியாகிவிட்டது என்ற நினைப்பு எழுதுபவருக்கு வந்துவிடுகிறது போலும்.

பலத்தைச் சொல்லத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? சீற்றம் என்பதில் சீறும் ஓசை இருக்கிறது. அலைக்கும் பாம்புக்கும் அது பொருந்தும், ஓசையின்றி எரியும் வெயிலுக்குப் பொருந்தாது. வெயிலுக்கு உக்கிரம் இருக்கிறது. ஆவேசம் என்றால் ஒன்று உள்ளே புகுந்து ஆட்டுவிப்பது. தன்னிலை மறந்தவனுக்கு உரியது. மூர்க்கத்தில் பலத்தைவிட அறிவின்மையே மிகுதி, சொன்னால் கேளாத தன்மை. வன்மை மென்மைக்கு எதிர்ச்சொல் என்பது வல்லினம், மெல்லினம் படித்த பிள்ளைகளுக்கே தெரியும். ஆற்றல் இவை எல்லாவற்றிலும் ஆழமானது. செய்வதும் ஆற்றுவது, பொறுப்பதும் ஆற்றுவது. 'ஆற்றுவார் ஆற்றல் பணிதல்' என்று வள்ளுவர் சொல்லும்போது, அடக்கமும் பலத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

எனக்கு எப்போதும் வியப்பளிப்பது 'வலி'. பழந்தமிழில் அது பலம். 'வலியறிதல்' என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்று வலி என்றால் எல்லோருக்கும் உடல் நோவுதான் நினைவுக்கு வரும். அடித்தவனின் பலத்தையும் அடிபட்டவனின் நோவையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. வெள்ளமும் அப்படித்தான். கரை புரண்டு வரும் நீருக்குரிய அந்தச் சொல், பழைய கணக்கில் ஒரு பேரெண்ணும் ஆயிற்று. வானரப் படையை 'எழுபது வெள்ளம்' என்றுதான் கம்பர் எண்ணிச் சொல்கிறார்.

அழிவைச் சொல்லும் இடங்களில் குழப்பம் இன்னும் பெரிது. நிர்மூலம், தரைமட்டம், சின்னாபின்னம், துவம்சம் ஆகிய நான்கையும் கைக்கு வந்தபடி மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நிர்மூலம் என்றால் வேரே இல்லாமல் போவது. அடித்தளமும் நான்கு சுவர்களும் நிற்கும் வீடு எப்படி நிர்மூலம் ஆகும்? கூரை மட்டும்தான் பறந்திருக்கிறது. தரைமட்டம் கட்டடத்துக்கு உரியது, வயலுக்கு அல்ல. வயல் ஏற்கெனவே தரைமட்டத்தில்தான் இருக்கிறது. சின்னாபின்னம் துண்டு துண்டாகச் சிதறுவது. வீடு இழந்தவர் மறுநாள் அந்தச் செய்தியைப் படிப்பார் என்ற நினைவு எழுதுபவருக்கு வேண்டும். தனக்கு எஞ்சியது எது என்று அவருக்குத் தெரியும்.

மழைச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் கனமழை வெறும் அலங்காரச் சொல் அல்ல. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் புயல், 89ஐ எட்டினால் தீவிரப் புயல். இவ்வளவு துல்லியமாக அளந்து கொடுத்த சொற்களின் மேல் 'பயங்கர'த்தை ஒட்டவைத்து, தாழ்வு மண்டலத்தையும் 'பயங்கரப் புயல்' ஆக்கிவிட்டால், உண்மையாகவே தீவிரப் புயல் வரும் நாளில் எந்தச் சொல்லால் மக்களை எச்சரிப்பீர்கள்? அடைமழையும் இதில் அடிபடுகிறது. விடாமல் பெய்வதுதான் அடைமழை. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்த மழையை அப்படி எழுதக் கூடாது. அதற்குப் பேய்மழை என்ற நல்ல சொல் இருக்கிறது.

'பயங்கர அழகு' என்று இளைஞர்கள் சொல்வதைப் பலர் கடிந்துகொள்கிறார்கள். என்னால் அதைக் கடிய முடியவில்லை. அழகு தாக்கும் என்பதைத் தமிழ் எப்போதோ கண்டுகொண்டது. தலைவன் நோக்க, தலைவி எதிர்ப்பார்வை பார்த்ததை, தாக்கி வருத்தும் தெய்வமான அணங்கு ஒரு சேனையையும் கூட்டிக்கொண்டு வந்ததுபோல் என்கிறார் வள்ளுவர்: 'தாக்கணங்கு தானைக்கொண் டன்ன துடைத்து'. அங்கே அச்சம் இருக்கிறது, அதனால் சொல் பொருந்துகிறது. கால்பந்து அணியின் ஆட்டத்தில் யார் அஞ்சினார்கள்? எதிரணி அஞ்சியதென்றால் அதையே எழுதலாமே.

சென்ற பருவத்தில் 'நான் கண்ட மழை' என்று ஏழாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவியின் ஏட்டில் முதல் மூன்று வரிகள் இவை: 'பயங்கர மழை பெய்தது. பயங்கர வெள்ளம் வந்தது. பயங்கர இருட்டாக இருந்தது.' அவளை அருகில் அழைத்து, "இதில் உனக்கு எதும்மா பயமாக இருந்தது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றாள். "இருட்டு இல்லை டீச்சர், மழையும் இல்லை. தண்ணீர் சத்தமே போடாமல் ஏறியது. ஒவ்வொரு முறை எட்டிப் பார்த்தபோதும் ஒரு படி குறைந்திருந்தது" என்றாள். அதையே எழுது என்றேன். மூன்று வரிகளையும் அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் அதன் பிறகு 'பயங்கரம்' எங்கும் வரவில்லை; படித்த எனக்குத்தான் உடல் சிலிர்த்தது.

பயங்கரவாதம் என்ற சொல்லையும் தங்கள் இதழ் அச்சிட வேண்டியிருக்கிறது. அந்த நாளுக்காவது இந்தச் சொல்லின் கூர்மை மிச்சமிருக்கட்டும். தங்கள் செய்தியாளர்களும் துணையாசிரியர்களும் அடுத்த முறை 'பயங்கர' என்று எழுதும்போது, அந்த மாணவியிடம் நான் கேட்ட கேள்வியைத் தங்களிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகி,
தமிழாசிரியை