எலிசா சொன்ன வரிசையை ஏன் மாற்றினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரம்.

சென்ற மாத இதழின் தியானப் பக்கத்தில், "கடனில் இருக்கிறவன் முதலில் தசமபாகத்தைச் செலுத்தட்டும், கடனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதியவரின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரி நம் சபைகளில் எந்தெந்த வீட்டில் போய் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அச்சுக்கு அனுப்பிவிட்டீர்களே என்பதுதான் தாங்கவில்லை.

கணக்கைப் பாருங்கள், ஐயா. மாதம் 15,000 ரூபாய் கூலி வாங்குகிற ஒருவர் 30,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்கு, வாங்கியிருக்கிறார். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் 1,500. மாத வட்டியும் அதே 1,500. வீட்டு வாடகையும் அரிசியும் பள்ளிக் கட்டணமும் போக, இரண்டில் ஒன்றுதான் அவரால் ஆகும். வட்டியை நிறுத்திவிட்டுக் காணிக்கைக் கவரை நிரப்பினால், கட்டாத வட்டி அசலில் ஏறி, பன்னிரண்டே மாதத்தில் அந்த 30,000 ஏறக்குறைய 53,900 ஆகிறது. தண்டல் இன்னும் மோசம். 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 வாங்கிவிடுகிறார்கள். 1,500 தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், ஆண்டுக்கு என்று பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது.

வேதத்தில் நெகேமியா புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தில் யூதரின் அதிபதியான நெகேமியா கடுங்கோபங்கொண்டு விட்டுவிடச் சொன்ன வட்டி, நூற்றுக்கொன்று. மாத வட்டியாகவே வைத்துக்கொண்டாலும் நம் ஊர்க் கணக்கில் அது 'ஒரு வட்டி'. நம் விசுவாசிகள் ஐந்தும் பத்தும் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. அந்த மண்ணில் வாசிக்கப்படுகிற பத்திரிகை நம்முடையது.

கடன்பட்டவருக்கு வேதத்தில் வழி இல்லாமலா போயிற்று? 2 இராஜாக்கள் 4-ஐத் தாங்கள் எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். ஊழியக்காரன் ஒருவனுடைய விதவை. கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி அவளைக் காணிக்கை கேட்கவில்லை. "நான் உனக்கு என்ன செய்யவேண்டும், வீட்டில் என்ன இருக்கிறது" என்றுதான் கேட்டார். அயல்வீட்டுக்காரரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார், பணத்தை அல்ல. எண்ணெய் நிறைந்த பிறகு சொன்ன வரிசை இது: போய் விற்றுவிடு, கடனைத் தீர், மீந்ததைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதத்தால் வந்த பணமும் முதலில் கடன் கொடுத்தவனுக்கே போயிற்று. அதில் பத்தில் ஒன்றைத் தீர்க்கதரிசி கேட்டதாக ஓர் எழுத்துக்கூட இல்லை.

சாறிபாத் விதவையைக் காட்டி, "முதலில் எனக்கு ஒரு சிறிய அடை" என்று எலியா தீர்க்கதரிசி கேட்கவில்லையா என்பார்கள். கேட்டார். அவள் கொடுத்தது பானையில் இருந்த ஒரு பிடி மாவிலிருந்து; கடன் வாங்கிய மாவிலிருந்து அல்ல. கேட்டவரும் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை, அநேகநாள் அந்த வீட்டிலேயே, அதே மாவைத்தான் சாப்பிட்டார். நம் ஊர்களில் சோறு வடிக்கும்முன் எடுத்து வைத்த பிடியரிசி அந்த வகைக் காணிக்கை. "இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே" என்று பவுல் 2 கொரிந்தியர் 8:12-ல் சொன்னதும் அதைத்தான். கடன்பட்டவர் காணிக்கையே போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து ரூபாயானாலும் மனமுவந்து போடட்டும். அதைப் போதாது என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்கிற மல்கியா 3:10-ஐ ஆண்டுக்கு நான்கு முறையாவது அச்சிடுகிறீர்கள். உபாகமம் 14:28, 29-ஐ ஒருமுறையேனும் அச்சிட்டதுண்டா? மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை வாசலில் வைத்து, ஆலய ஊழியத்துக்குரிய லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்கிறது அது. நியாயப்பிரமாணத்தின்படியே பார்த்தாலும், நம் கடன்பட்ட விதவை அந்தப் பங்கை வாங்க வேண்டியவள்.

தியானம் எழுதியவர் அந்த இடத்தில் உண்மையாகவே உதவக்கூடியதை எழுதியிருக்கலாம். புருஷனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் மறைத்த கடனையும் சேர்த்து, ஒரே தாளில் எழுதட்டும்: யாரிடம், அசல் எவ்வளவு நிற்கிறது, எத்தனை வட்டி, ஈடாக என்ன கொடுத்தோம். நல்லவர் கெட்டவர் பாராமல், வட்டி கூடியதை முதலில் அடைக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, அமைதியாக ஏறுகிற வட்டியை விட்டுவிடுகிறார்கள். மூன்று வட்டிக்கு இருக்கிற நகையை மீட்டு வங்கியில் வைத்தால் வட்டி பாதிக்கும் கீழே இறங்கும். கட்டிய பணத்தைப் புரோநோட்டின் பின்பக்கம் அன்றன்றே வரவு எழுதி வாங்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கூடாது. பிணைக் கையெழுத்தும் கூடாது. நீதிமொழிகள் 22:26 அதை நேராகவே தடுக்கிறது. கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன் வாங்கக் கூடாது; வீட்டு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022 முதல் ரிசர்வ் வங்கியே குழுக்கடனுக்கு வரம்பு வைத்திருக்கிறது. இப்படி நடப்பதைக் கீழ்ப்படிதல் என்று நம் பிரசங்கங்களில் ஏன் சொல்வதே இல்லை? கர்த்தரை நம்புகிறவனுக்குத்தான் அந்தத் தாளை முழுவதும் எழுதிப் பார்க்கத் தைரியம் வரும்.

இதோடு நின்றிருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். இதழின் கடைசிப் பக்கங்களில் ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கைப் பட்டியலைத் தொகை வாரியாக, பெரியது மேலே சிறியது கீழே என்று வருடந்தோறும் போடுகிறீர்கள். கீழே தன் பெயர் வராமலிருக்கத் தண்டல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சபைக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கியென்று பெண்ணின் கல்யாண ஓலையை, அதாவது ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பை, வாசிக்க மறுக்கிற சபைகள் இருக்கின்றன. அதைப்பற்றி ஒரு தலையங்கம் வந்ததில்லை. ஆலயத்துக்கு ஓடு மாற்ற நிதி திரட்டுகிற நாம், கந்துவட்டியில் கிடக்கிற ஒரு விசுவாசியை மீட்க வட்டியில்லாமல் 30,000 கொடுக்கச் சபை நிதியில் இடம் வைத்ததில்லை. மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் இதே நெல்லைச் சீமையில் தர்ம சங்கம் அமைத்து, விசுவாசிகள் குடியிருக்க நிலமே வாங்கிக் கொடுத்தார்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் உரியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தடுத்தவர்களை இயேசு மாற்கு 7-ல் கண்டித்தாரே, அது நமக்கும் சேர்த்துத்தான் என்பதை நினைக்க நடுக்கமாயிருக்கிறது.

நான் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் அதே தியானப் பக்கத்தில், அதே எழுத்தளவில், 2 இராஜாக்கள் 4:7-ஐயும் உபாகமம் 14:28, 29-ஐயும் அச்சிடுங்கள். காணிக்கைப் பட்டியலில் தொகையை எடுத்துவிட்டு, பெயர்களை மட்டும் அகர வரிசையில் போடுங்கள். பக்கமும் மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சபைப் பொருளாளர் ஒருவர்,
திருநெல்வேலி.