கலையரங்க மேடைக்கு மரப்பலகைத் தளம் கேட்டு நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்
நகரின் ஐந்து நடனப் பள்ளிகள் மற்றும் பெற்றோர்கள் சார்பில்,
பரதநாட்டிய ஆசிரியை,
தெற்கு வீதி.

பெறுநர்
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சிக் கலையரங்க மேடையில் பதிக்கப்பட்டுள்ள கிரானைட்டின் மேல் மரப்பலகைத் தளம் அமைத்துத் தரவும், உள்ளூர் நடனப் பள்ளிகளுக்கு மாதம் ஒரு மாலை அரங்கை ஒதுக்கித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள், பதிவுத் தபாலில் அனுப்பிய ஒரு மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பணிச்சுமையை நாங்கள் அறிவோம். குடிநீர்க் குழாய், குப்பை, வடிகால், தெருவிளக்கு என்று நாள்தோறும் வரும் மனுக்களுக்கு நடுவில் நடன மேடை பற்றிய மனு சிறிய விஷயமாகத் தோன்றக்கூடும். அந்தத் தயக்கத்தால்தான் முதல் மூன்று மனுக்களையும் ஒவ்வொரு பக்கத்தில் முடித்துக்கொண்டோம். இம்முறை அப்படி முடிக்க இயலவில்லை. தயவுகூர்ந்து கடைசி வரை வாசிக்க வேண்டுகிறோம்.

கலையரங்கத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தங்கள் அலுவலக மாடியில் நின்று பார்த்தாலே அதன் முகப்பு தெரியும். மேடையின் வலது படிக்கட்டை ஒட்டி நான்கைந்து பலகைகளைக் கரையான் அரித்திருந்ததையும், அவற்றை மாற்றித் தரும்படி நாங்கள்தான் முதலில் கேட்டோம் என்பதையும் அலுவலகக் கோப்பில் காணலாம். நாங்கள் கேட்டது நான்கைந்து பலகை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அரங்கைப் புதுப்பித்தபோது மேடைப் பலகை மொத்தத்தையும் பெயர்த்து எடுத்து, அடியில் இருந்த வெற்றிடத்தில் செங்கல் ஜல்லியைக் கொட்டி மூடி, அதன் மேல் பளபளப்பான கிரானைட் பதித்துவிட்டார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. மைக் முன்னால் நின்று பேசுகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆடுகிறவர்களின் நிலையைக் கீழே வரிசையாகத் தெரிவிக்கிறோம்.

1. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் அமர்ந்து, உள்ளங்கால் முழுவதும் தரையில் படும்படி ஓங்கித் தட்டுவதுதான் பரதநாட்டியத்தின் அடிப்படை. தட்டடவு என்ற முதல் அசைவுப் பாடத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்து பழகாத பிள்ளை அடுத்த அடவுக்குப் போக முடியாது. கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணம் முக்கால் மணி நேரம் வரைகூட நீளும். அதில் பெரும்பகுதி நேரம் கால் தட்டிக்கொண்டே இருக்கும். பலகையும் அதன் அடியில் வெற்றிடமும் இருந்தால் தளம் அந்தத் தட்டைத் தாங்கிச் சற்றே தணிந்து கொடுக்கும். கிரானைட் எதையும் தாங்கிக்கொள்வதில்லை. தட்டியது அத்தனையும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் திரும்பி வருகிறது. மண்டியடவில் முழங்காலைத் தரையில் ஊன்றிச் சுழல வேண்டும் என்பதையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள், ஐயா. ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனதும் தாய்மார்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள். மறுநாள் என்னிடம் வந்து, "டீச்சர், கொஞ்சநாள் நிறுத்திக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

2. கிரானைட் வழுக்குகிறது. விளக்குகளின் சூட்டில் உள்ளங்காலில் வியர்வை ஊறினால் மேலும் வழுக்குகிறது. நாங்கள் முயன்று பார்க்காமல் புகார் சொல்லவில்லை. பந்தல்காரரிடம் கம்பளம் வாடகைக்கு எடுத்து விரித்தோம். அது கல்லின் மேல் நகர்ந்து நடுவில் மடிந்துகொண்டது. ஓரங்களை நாடா போட்டு ஒட்டினோம். மண்டியடவில் முழங்கால் தோல் உரிந்தது. கால் தட்டும் ஓசை கம்பளத்தில் அமுங்கிப்போய், மிருதங்கக்காரருக்கு எட்டுவது சலங்கைச் சத்தம் மட்டும்தான் என்றாகிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரால் மேடையைத் துடைத்தும் பார்த்தோம். இரண்டாவது உருப்படி முடிவதற்குள் எறும்பு வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

3. சென்ற விஜயதசமி அன்று நடந்ததை இந்த மனுவில் எழுதியே ஆக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி. தந்தை நெல் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி. ஏழு ஆண்டுகளாக ஒரு வகுப்புக்கும் தவறாமல் வந்தவள். அன்றுதான் முதன்முதலாகத் தனியாக வர்ணம் ஆடினாள். அவள் அம்மா முந்தின நாள் முழுவதும் உட்கார்ந்து புடவைக் கரையைப் பிரித்து ஆடைக்குத் தைத்திருந்தார். வர்ணத்தின் இரண்டாவது தீர்மானத்தில் (சொற்கட்டுக்கு ஆடும் பகுதியில்), திரும்பிக் கால் வைத்த இடத்தில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கீழே போட்டுவிட்டு நான் மேடைக்கு ஓடினேன். வலியில் முகம் வெளுத்துப்போயிருந்த நிலையிலும் அந்தப் பிள்ளை என்னிடம் சொன்ன முதல் சொல், "தாளம் விடவில்லை டீச்சர்" என்பதுதான். அவள் தாளத்தை விடவில்லை. அதை அந்த அரங்கில் இருந்த எல்லோருக்கும் நான் உரக்கச் சொன்னேன், தங்களுக்கும் சொல்கிறேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. தந்தைக்கு இரண்டு வாரக் கூலி போயிற்று. கட்டுப் பிரித்த பிறகு அவள் வகுப்புக்கு வந்தாள். ஆனால் திரும்பும் அடவு வரும்போதெல்லாம் காலை வைப்பதற்கு முன் தரையைப் பார்க்கிறாள். கண் போகும் இடத்தில் மனம் போக வேண்டிய கலை இது. ஒரு நாட்டியப் பெண்ணுக்குத் தரையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அதைப் போக்க எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த விபத்துக்குப் பிறகுதான் இரண்டாவது மனுவை, எக்ஸ்ரே நகலோடு, தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

4. பரதநாட்டியக்காரர்கள் மட்டும் கேட்பதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். பொய்க்கால் குதிரை நம் தஞ்சைப் பகுதிக்குப் பேர் வாங்கித் தந்த ஆட்டம். ஆடுகிறவர் காலில் கட்டியிருப்பது மரக்கட்டை. பளபளக்கும் கல்லின் மேல் மரக்கட்டைக் காலோடு, இடுப்பில் குதிரைக் கூட்டைச் சுமந்துகொண்டு எப்படி ஆடுவார்? சென்ற குடியரசு நாள் கலைநிகழ்ச்சியில் அறுபது வயதைத் தாண்டிய அந்தக் கலைஞர் மேடையில் ஒரு முறை கட்டைக்காலை ஊன்றிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, நாற்காலி வரிசைக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த ஆறடிச் சிமெண்டுத் தரையில் ஆடினார். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் தலைப்பாகை மட்டும்தான் தெரிந்தது. முன்வரிசையில் தாங்களும் அமர்ந்திருந்தீர்கள், ஐயா. அவர் ஏன் இறங்கினார் என்று அன்று தங்களுக்குத் தோன்றவில்லையா? கரகாட்டக் குழுவினர் தலையில் கரகத்தோடு அதே கல்லில் எப்படிக் காலைத் தேய்த்துத் தேய்த்து ஆடினார்கள் என்பதையும் தாங்கள் பார்த்தீர்கள். கைதட்டினீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள். நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அவர்கள் கேட்டது பலகை.

5. வாடகை. அரசியல் கூட்டத்துக்கும் துணி விற்பனைக் கண்காட்சிக்கும் என்ன வாடகையோ அதேதான் பிள்ளைகள் முதன்முதலாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜைக்கும். மாதம் முந்நூறு ரூபாய்க் கட்டணத்தில் நடக்கும் பள்ளியால் அதைக் கட்ட முடியாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை.

6. இந்த நகரில் ஐந்து நடனப் பள்ளிகள் இருப்பது நம் ஊர்க்காரர்களுக்கே தெரியாது. அரங்க வாசலில் உள்ள நிகழ்ச்சிப் பலகையில் உள்ளூர்ப் பள்ளிகளின் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை. வெளியூர்க் குழு வந்தால் எழுதுகிறார்கள். 1981 முதல் நடந்துவரும் சிதம்பரம் நாட்டியாஞ்சலி நடன விழாவுக்குச் சிவராத்திரி சமயத்தில் வேன் பிடித்து அழைத்துப் போனபோது நம் பிள்ளைகளுக்கு அங்கே மேடை கிடைத்தது. பெயரை அறிவித்து ஆடச் சொன்னார்கள். சொந்த ஊரில் கிடைக்கவில்லை.

இது எந்த மண் என்று தங்களுக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னிக்க வேண்டும். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய கச்சேரி முறையைச் சீர்ப்படுத்திய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் இருந்தது தஞ்சை அரண்மனையில். 1935-இல் அடையாறில் மேடையேறிய, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி கற்றது பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். பரதநாட்டியப் பாணிகளுக்குப் பெயர் தந்த பந்தநல்லூரும் வழுவூரும் நமக்குப் பஸ் ஏறிப் போய்வரும் ஊர்கள். அதற்கும் முன்னால், ராஜராஜ சோழன் பெரிய கோயிலைச் சுற்றி 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதையும், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டி வைத்தான். பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்துப் போய் அந்தக் கல்வெட்டைக் காட்டுகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆடுகிறவளின் வீட்டு வரிசை வரை கணக்கு வைத்திருந்த நாட்டில், இன்று ஐந்து பள்ளிகளின் பெயரைச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பலகையில் எழுத ஆளில்லை.

7. நாங்கள் பெரிய செலவைக் கேட்கவில்லை. இதை மூன்று மனுக்களிலும் எழுதினோம், மறுபடியும் எழுதுகிறோம். கிரானைட்டைப் பெயர்க்க வேண்டாம். மேடையை அளந்து பார்த்தோம். முப்பது அடி அகலம், இருபத்திரண்டு அடி ஆழம், மொத்தம் 660 சதுர அடி. கல்லின் மேல் மரச்சட்டம் அடித்து அதன் மேல் பலகை போட்டால் போதும். நிலையாக வேண்டாம் என்றால், தனித்தனிப் பலகைத் துண்டுகளாகச் செய்து, நடன நிகழ்ச்சி அன்று மட்டும் விரித்துவிட்டு மற்ற நாட்களில் ஒப்பனை அறைச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். நம் ஊர்த் தச்சர் ஒருவர் வந்து பார்த்து, பத்து நாள் வேலை என்று சொல்லியிருக்கிறார். மரத்துக்கான பணத்தில் பாதியைப் பெற்றோர்கள் திரட்டித் தரத் தயாராக இருக்கிறார்கள். மூட்டை தூக்கும் அந்தத் தந்தை முதல் ஆளாக ஐந்நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வாங்கி உறைக்குள் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். நகராட்சிச் சொத்தில் ஆணி அடிக்க எங்களுக்கு உரிமை இல்லை என்பதால்தான் அந்தப் பணம் இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது. அனுமதி கொடுங்கள், ஐயா. பணம்கூட இரண்டாவதுதான். அனுமதியாவது கொடுங்கள்.

8. மாதம் ஒரு மாலை. ஏதாவது ஒரு மாலை. முகூர்த்த நாள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகூட வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பது வரை அரங்கம் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்து ஒவ்வொரு பள்ளிக்கும் முறைவைத்துக் கொடுத்தால் போதும். மின்கட்டணத்தை நாங்கள் செலுத்துகிறோம். கூட்டிப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

9. மூன்றாவது மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பிறகு கைபேசிக்கு, மனு முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்தார்கள்? யார் வந்து மேடையைப் பார்த்தார்கள்? ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் காவலாளி சொல்லியிருப்பார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கல்லின் மேல் ஒரே ஒரு தடவை ஓங்கிக் காலைத் தட்டிப் பார்த்த ஓர் அதிகாரி, அந்த மனுவை முடித்துவைத்திருக்க மாட்டார். குரல் உயர்ந்திருந்தால் மன்னிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் கை முறிந்த பிறகும் குரலைத் தாழ்த்தியே எழுத என்னால் இயலவில்லை.

ஆகவே, தாங்கள் ஒரு நாள் நேரில் வந்து மேடையைப் பார்வையிடும்படி மிகவும் பணிவுடன் வேண்டுகிறோம். எந்த நாள் என்று தெரிவித்தால் பிள்ளைகளோடு நாங்கள் அங்கே காத்திருக்கிறோம். ஓர் அலாரிப்பு ஆடிக் காட்டுகிறோம், ஐந்து நிமிடம் ஆகும். வர இயலாவிட்டால் பொறியாளர் ஒருவரையாவது அனுப்பி வைக்க வேண்டுகிறோம். மரப்பலகைத் தளம் அமைக்க உத்தரவிட வேண்டுகிறோம், குறைந்தபட்சம் எங்கள் செலவில் அமைக்க அனுமதி தர வேண்டுகிறோம். மாதம் ஒரு மாலை ஒதுக்கித் தர வேண்டுகிறோம். எதையும் செய்ய இயலாது என்றால் அதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இந்த ஆண்டு விஜயதசமிக்கு இன்னும் எழுபது நாள் இருக்கிறது. தச்சர் கேட்பது பத்து நாள். அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து, அதே இரண்டாவது தீர்மானத்திலிருந்து, இப்போது மறுபடியும் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பரதநாட்டிய ஆசிரியை
(ஐந்து நடனப் பள்ளிகளின் ஆசிரியர்கள், பொய்க்கால் குதிரை மற்றும் கரகாட்டக் கலைஞர்கள், பெற்றோர்கள் கையொப்பத்துடன்)

இணைப்பு: மேடையின் புகைப்படங்கள், எக்ஸ்ரே நகல், தச்சரின் கைப்பட எழுதிய மதிப்பீடு, முந்தைய மனுக்களின் நகல்கள்.