பாத்ரூம் பழக்கமும் பள்ளியின் வேலைதான்

ஐயா,

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால், "பாத்ரூம் பழகின பிறகு கூட்டிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இப்படியொரு நிபந்தனையே கிடையாது.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும். அதனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் என் மகனை டாய்லெட்டில் உட்கார வைப்பேன். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க வராது. மீன் பெட்டியைக் கவிழ்த்துக் காலடியில் போட்டேன். போனதுமே கையில் கடலைமிட்டாய். தாமதித்துக் கொடுத்தால் எதற்கென்று அவனுக்குப் புரியாது. திட்டினால் அடக்கிக்கொள்வான், மலச்சிக்கல் வரும், அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. இப்போது என் முந்தானையை இழுத்துக் கூப்பிடுகிறான்.

இதே முறையைப் பள்ளியிலும் தொடர்ந்தால்தான் பழக்கம் நிலைக்கும். எங்கள் பக்கம் ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். கருவாடு காயப்போடும் பெண்கள்தான் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கிறோம். பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள், வயசுக்கு வருமுன் பழக்கிவிட வேண்டுமே என்று தவிக்கிறார்கள். கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட், எப்போதும் வரும் தண்ணீர், உதவிக்கு ஓர் ஆயா: இவற்றைக் கடலோரப் பள்ளிகளுக்கு மாவட்ட நிர்வாகம் இந்தக் கல்வியாண்டிலேயே செய்துதர வேண்டும்.

ஒரு தாய்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.