தரம் 5க்குப் பிறகுதான் பிள்ளைகள் வேகமாக வளர்கிறார்கள்

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்களுக்கு,

வணக்கம்.

சிற்றுண்டிச்சாலையை அடுத்த முறை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க நீங்கள் கூடும்போது, வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பிள்ளைகளின் எலும்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

அரசாங்கப் பாடசாலைகளில் கிடைக்கும் இலவச உணவு பொதுவாக ஆரம்பப் பிரிவோடு, அதாவது தரம் 5 உடன், நின்றுவிடுகிறது. அப்போது பிள்ளைக்குப் பத்து வயது. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது 12 வயதை ஒட்டி, ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டி. அந்த உச்சத்தில் வருடத்துக்கு எட்டு ஒன்பது சென்ரிமீற்றர்கூட வளர்வார்கள். உடல் அதிகமாகக் கேட்கத் தொடங்கும் நேரத்தில் நாம் தட்டை எடுத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது உங்கள் பொறுப்பிலுள்ள கன்டீன்தான்.

உணவுக்கும் வளர்ச்சிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனை விட்டு விட்டுச் சுரக்கும், ஆழ்ந்த நித்திரையில் அதிகமாக. அந்த ஓமோன் ஈரலுக்குப் போய் ஐ.ஜி.எப்-1 என்ற இன்னொரு ஓமோனைச் சுரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்துதான் எலும்பு நுனியிலிருந்து அதை நீளச் செய்யும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டை வேலை செய்ய வைக்கின்றன. புரதம் போதாமல் வாடிய பிள்ளையின் இரத்தத்தில் வளர்ச்சி ஓமோன் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடுமையான புரதக் குறைபாட்டில் அது கூடித்தான் இருக்கும்! ஈரல் அந்தக் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை; ஐ.ஜி.எப்-1 விழுந்துவிடுகிறது. போதும் என்று திருப்பிச் சொல்ல ஐ.ஜி.எப்-1 இல்லாததால் கபச்சுரப்பி சுரந்துகொண்டே இருக்கிறது. உயிரைக் காப்பாற்றுவதற்காக உடல் வளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. நல்ல சாப்பாடு கிடைத்தால் ஐ.ஜி.எப்-1 மீண்டும் ஏறும், ஆனால் பருவ வயது முடிந்து வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் உயரம் அதோடு சரி.

நம் பிள்ளைகள் எல்லோரும் அந்த நிலையில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2016இன் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அந்த வயதினர் இன்று உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். நடுவில் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்து போனது. எத்தனை வீடுகளில் முட்டையும் பால்மாவும் இல்லாமல் போயின என்று மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 36 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. சோற்றில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பிலும் கடலையிலும் தாராளமாக உண்டு. அதனால் சோறும் பருப்பும் நல்ல சோடி, கொஞ்சம் நெத்தலி சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் புரதம் மட்டும் கொடுத்தும் பயனில்லை. சக்தி போதாவிட்டால் உடல் அந்தப் புரதத்தையே எரித்துவிடும். காலை ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலையில் இடைவேளைவரை காய்ந்து, பிறகு ஒரு கிழங்கு ரோல்ஸோடு டியூஷனுக்கு ஓடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், "உயரமாக வளர" என்று விற்கும் பால், புரத மாவு டின்கள். தயவுசெய்து அவற்றின் விளம்பரப் பலகைகளைப் பாடசாலைக்குள் விடாதீர்கள். டென்மார்க்கில் எட்டு வயதுச் சிறுவர்களுக்கு ஏழு நாள் கொழுப்பு நீக்கிய பாலை நிறையக் கொடுத்தபோது ஐ.ஜி.எப்-1 19 சதவீதம் ஏறியது. அதேயளவு புரதத்தை இறைச்சியாகக் கொடுத்தபோது ஏறவில்லை. பாலுக்கு அப்படி ஒரு தனித்தன்மை உண்டு, உண்மைதான். ஆனால் கூடக் கூட நல்லது என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், அதிக புரதமுள்ள பால்மா குடித்த கைக்குழந்தைகள் ஆறு வயதில் கூடுதல் உயரம் அடையவில்லை, உடற்பருமன்தான் கூடியிருந்தது.

ஆகவே கேட்பது இதுதான். ஒப்பந்தத்தில் அவித்த முட்டையையும் அவித்த கடலை, பயறு, கௌபி ஆகியவற்றில் ஒன்றையும் தினமும் கட்டாயமாக்குங்கள். ரோல்ஸை விட அவை விலை குறைவாக இருக்கட்டும். அதற்காக வாடகை குறைந்தால் குறையட்டும். காசில்லாத பிள்ளைக்கு வகுப்பாசிரியர் மூலம் பெயர் வெளியே வராமல் டோக்கன் கொடுக்கலாம். பழைய மாணவர்களிடம் கேட்டால் தருவார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை உயரத்தை அளந்து பதியுங்கள். அளக்கவும் பெற்றோருக்கு விளங்கப்படுத்தவும் எந்தச் சனிக்கிழமை கூப்பிட்டாலும் நானும் என் மாணவர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை
கொழும்பு 15